இன்னும் நாற்பத்து மூன்று வீடுகள்

வேலைக்குப் போகும் வீட்டில் பூட்டக்கா அழைப்பு மணி அடிப்பதில்லை. முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை. பிறகு எதிர்ச்சாரியில் நின்று, வீட்டைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. அதற்குப் பிறகு எந்த வழியில் முடிகிறதோ அந்த வழியில் உள்ளே வந்துவிடுவார்.

எனக்கு இது தெரியாது. போனில் பேசியபோது, "நானே உள்ள வந்து பார்த்துக்கலாமா?" என்று கேட்டார். "தாராளமா வாங்க" என்றேன். அவர் தாராளத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை, என் கணவர் வேலைக்குக் கிளம்பி, வெளியிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுப்படியில் தேநீரை வடிகட்டிவிட்டுத் திரும்புகிறேன். ஐந்தடிகூட இல்லாத ஓர் அம்மாள் கையில் அளவு டேப்போடு என் பின்னால் நிற்கிறார். வடிகட்டி ஒரு பக்கமும் குவளை ஒரு பக்கமும் பறந்தன.

"பதறாதீங்கம்மா. ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு" என்றார், ஏதோ என்னைக் காக்க வைத்துவிட்டதற்குச் சமாதானம் சொல்வதுபோல. கையிலிருந்த சாவியைச் சமையல் மேடைமேல் வைத்தார். "செருப்பு ஸ்டாண்டுல, பழைய ஷூவுக்குள்ள. அவரு வந்தா முதல்ல அங்கதான் கைய விடுவாரு."

எங்கள் முன்கதவுக்கு அப்படியொரு மாற்றுச் சாவி இருப்பதே எனக்குத் தெரியாது. மாமனாரின் ரகசிய ஏற்பாடு. ஒரு மருந்துக் கிடங்கின் சாவிக்கொத்துக்கு முப்பது வருடம் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பக்கத்து வீட்டில் பட்டப்பகலில் திருடு போன நாளிலிருந்து எங்கள் வீட்டையும் கிடங்காக மாற்றிவிட்டிருந்தார். அலமாரிக்கு ஒன்று, அரிசி டின்னுக்கு ஒன்று, பின்கதவுக்கு மட்டும் இரண்டு என்று பூட்டுகள். அத்தனையும் போதாதென்றுதான் பூட்டக்காவைக் கூப்பிடச் சொன்னார். எதிர்வீட்டு டீச்சர் எண் கொடுத்தார். பேர் கேட்டதற்கு, "எல்லாரும் பூட்டக்கான்னுதான் கூப்பிடுவோம்" என்று முடித்துக்கொண்டார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டைத் துணியில் தைத்த நீளமான மேல்கோட்டு. அதில் ஒன்பது பைகள். திருப்புளி, ரம்பத் துண்டு, எண்ணெய்ப் புட்டி, சாக்பீஸ் எல்லாம் அதனதன் பையில். நடந்தால் சின்ன ரயில் போவதுபோல ஓசை வரும். கதவை டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "இது உள்ள பொக்கை. ஒரு உதை தாங்காது." கீலை விரலால் தடவி மோந்து பார்ப்பார். "ஒரு வருஷமா எண்ணெயே காணல. பாவம்." வீட்டு ஆட்களிடம் இல்லாத பரிவெல்லாம் கீலிடமும் நாதாங்கியிடமும் இருக்கும்.

திருடனைத் திருடன் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "அவரு"தான். "அவரு இந்தக் குழாயைப் பிடிச்சு ஏறுவாரு." "அவருக்கு வெளிச்சம் ஆகாது, இங்க ஒரு பல்பு போடுங்க." "அவரு சுத்தச் சோம்பேறிம்மா. உழைக்கிற ஆளா இருந்தா வேலைக்குப் போயிருப்பாரே? ரெண்டு நிமிஷத்துல திறக்கலைன்னா அடுத்த வீட்டுக்குப் போயிருவாரு." கேட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்த மாமனார், "யாரம்மா அந்த அவரு, உன் வீட்டுக்காரரா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு பஸ் ஓட்டறாருங்க ஐயா. அவருக்கு எங்க வீட்டுக் கதவே திறக்க வராது" என்று சிரித்தபடி பூட்டக்கா திரும்பினார்.

மாமனாரின் முகம் மாறிவிட்டது. "நீயா?"

"நானேதாங்க ஐயா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமனார் என்னைத் தனியே கூப்பிட்டார்; கூப்பிட்டாரே தவிர, குரலைத் தணிக்கவில்லை. "இந்த அம்மாவையா கூப்பிட்ட? வருஷா வருஷம் வந்து, ஜன்னல் கம்பியை வெட்டணும் வெட்டணும்னு நிக்கும். திருட்டுக் கும்பலுக்கு ஆள் போலன்னு துரத்தி விட்டிருக்கேன்."

"அஞ்சு தடவை வந்திருக்கேன்" என்றார் பூட்டக்கா, கோபமே இல்லாமல். "மூணாவது தடவை போலீசைக் கூப்பிடறேன்னீங்க. நாலாவது தடவை கூப்பிட்டே விட்டீங்க."

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் எல்லாமே பூட்டக்கா ஒன்பது வருடத்துக்கு முன், எனக்குக் கல்யாணமாகி இங்கே வருவதற்கு வெகுநாள் முன்பே, செய்து மாட்டியவை. பன்னிரண்டு மில்லி கம்பி. சுவருக்குள் ஒரு சாண் ஆழத்துக்குப் புதைத்து வைத்த முனைகள். தான் செய்த கம்பியைத் தானே வெட்டித் தருகிறேன், கூலி வேண்டாம், என்று ஒரு மனுஷி வருடாவருடம் வாசலில் வந்து நின்றால், மாமனாரையும் குறை சொல்ல முடியாது.

"இப்ப மட்டும் ஏன் வந்த?"

"நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன். பின்கதவுக்கு நல்ல தாழ்ப்பாளாப் போட்டுத் தரேன். முன்கதவுக்குச் சங்கிலி, வெளியில பல்பு. அந்தப் பழைய ஷூவைத் தூக்கிப் போடுங்க. ஆனா பின் அறை ஜன்னல்ல ஒரு பக்கம் கதவு மாதிரி திறக்கிற கம்பி வைப்பேன். உள்ளேயிருந்து மட்டும் திறக்கும். பூட்டு கிடையாது, வெறும் கொண்டி, தூக்கினா திறந்துக்கும். அது வேண்டாம்னா எனக்கு எதுவும் வேண்டாம், கிளம்பறேன்."

"திருடனுக்கு நாமே வழி வெச்சுக் கொடுக்கறதா?" மாமனாரின் குரல் ஏறியது.

பூட்டக்கா அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "ஐயா, முப்பது வருஷம் சாவி வெச்சிருந்தவரு நீங்க. உங்களைவிடவா நான் படிச்சிருக்கேன்? ஒரே ஒரு பரீட்சை. கண்ணைக் கட்டிக்கிட்டு இந்தக் கூடத்துலயிருந்து பின்பக்கமா வெளிய போங்க. முன்பக்கம் போகக் கூடாது. போயிட்டீங்கன்னா இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. துண்டை எடுத்துத் தானே கண்ணைக் கட்டிக்கொண்டார். பூட்டக்கா போனில் நேரத்தைத் தட்டிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார்.

கூடத்திலிருந்து தன் அறைவரை மாமனார் ராஜநடை போட்டார். அலமாரியைத் தடவினார். பூட்டியிருந்தது. அந்தச் சாவி தலையணை உறைக்குள். அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்த கொத்தை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பின்கதவுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டரை நிமிடம். கொத்தில் பத்தொன்பது சாவிகள். ஒவ்வொன்றாகத் தடவி நுழைத்தார். ஏழெட்டு நுழைத்தும் எதுவும் திரும்பவில்லை.

"புகை மேலயிருந்து இறங்கும்" என்றார் பூட்டக்கா. அதுவரை இருந்த குரல் அல்ல அது. "இப்ப உங்க தலைக்கு வந்திருச்சு."

மாமனாரின் கை நின்றது. தீயைப் பற்றியா இவ்வளவு நேரம் பேச்சு? நானும் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

"நெஞ்சுக்கு வந்திருச்சு. உக்காந்துக்கங்க ஐயா. கீழதான் காத்து இருக்கும்."

எழுபத்தொரு வயது மனிதர் கண்ணில் துண்டோடு தரையில் உட்கார்ந்தார். தலைக்குமேல் கையைத் தூக்கிப் பூட்டைத் தேடினார். கொத்து நழுவி விழுந்தது. தரையைத் துழாவினார். எடுத்தார். எந்தச் சாவிவரை பார்த்தோம் என்பது மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆறு நிமிடம். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவது இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை நாளும் இதே வீட்டில்தான் கவலை இல்லாமல் தூங்கி எழுந்திருக்கிறேன்.

"போதும்" என்றார் பூட்டக்கா.

மாமனார் துண்டை அவிழ்க்கவில்லை. உட்கார்ந்தபடியே, "நம்ம வீட்டுல ஏன் தீப்பிடிக்கப் போவுது?" என்றார். கேள்வியாக அது வரவில்லை.

பூட்டக்காவும் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கோட்டுப் பைகளில் இருந்ததெல்லாம் கலகலத்து அடங்கியது. "ஒரு தையல்காரர் வீடுங்க" என்று ஆரம்பித்தார்.

பூட்டக்கா பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டிங் கற்று, சொந்தமாகக் கிரில் பட்டறை போட்டு, பேர் எடுத்திருந்த காலம் அது. தையல்காரர் வீட்டில் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். பிள்ளைகள் இல்லை, அவரும் மனைவியும்தான். இரண்டு தடவை திருட்டு. இரண்டாம் தடவை தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "ஒரு எலி நுழையக் கூடாதும்மா" என்று வந்து நின்றாராம். பூட்டக்கா தன் ஆயுளிலேயே சிறந்த வேலையைச் செய்து கொடுத்தார். கம்பி முனைகளைச் சுவரில் புதைத்ததோடு விடாமல், உள்ளே கான்கிரீட்டில் இருந்த இரும்போடு சேர்த்துப் பற்றவைத்தார். திருட்டை விசாரிக்க வந்த போலீஸ்காரர் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "யார் செஞ்சது? இதுல்ல வேலை!" என்று சொல்லிவிட்டுப் போனாராம். தையல்காரர் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஜன்னலைக் காட்டிப் பெருமைப்படுவாராம்.

அடுத்த வருடம், ஒரு மத்தியானம். புருஷனும் பெண்டாட்டியும் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடையில் இஸ்திரிப் பெட்டி சூட்டோடு இருந்தது. துணிக் குவியல். பார்த்தபோது கடை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. பின்கதவில் பூட்டு. அதன் சாவி கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் உள்ளே ஓடி, எரியும் திரைக்குள் இரண்டு கையையும் விட்டு எடுக்கப் பார்த்தார். சாவி தீக்குள் விழுந்துவிட்டது. இருவரும் பின் அறை ஜன்னலுக்கு வந்தார்கள்.

"எங்க பட்டறை ரெண்டு தெரு தள்ளி. ஒருத்தர் ஓடி வந்தாரு. 'உன் கம்பி, நீதான் வெட்டணும், வா'ன்னாரு. கட்டிங் மெஷினைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அங்க போனா கரண்ட் இல்ல. ஆபத்துன்னு தெருவுக்கே நிறுத்திட்டாங்க. மெஷின் வெறும் இரும்பு. கைரம்பத்தை எடுத்தேன். எந்த இடத்துல வெட்டினா சீக்கிரம் விடும்னு தேடறேன். எனக்குத் தெரியணுமே, நான்தானே செஞ்சேன்? ஒரு இடத்துலயும் குறை இல்ல."

உள்ளங்கையால் தரையை ஒருமுறை தடவினார்.

"ரெண்டு கம்பி வெட்டினேன். பிளேடு மூணு உடைஞ்சுது. தையல்காரர் அந்தம்மாவை உள்ளயிருந்து தள்ளினாரு, நான் வெளியிலயிருந்து இழுத்தேன். வந்துட்டாங்க. அவர் கொஞ்சம் பருமன். அந்த இடைவெளி பத்தல. மூணாவது கம்பியை அறுக்கறேன். எனக்குக் கை நடுங்குது. 'பதறாதம்மா, பிளேடு உடைஞ்சிரும், மெதுவா'ன்னு அவரு எனக்குத் தைரியம் சொல்றாரு. பாதிக் கம்பி வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தாரு."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க ஐயா, என் வேலை" என்றார் பூட்டக்கா.

யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லையாம். தீயணைப்பு அதிகாரி இஸ்திரிப் பெட்டி என்று எழுதிக்கொண்டு போனார். "எவனாவது ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்." பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு கிடந்தார். மூன்றாம் மாதம், மருத்துவமனையிலிருந்து நேராகக் கிளம்பி, கட்டுப்போட்ட கைகளோடு தையல்கார அம்மா வந்து நின்றார். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பூட்டக்கா காத்திருந்தார்.

அந்த அம்மா கேட்டது ஒன்றுதான். "இதே மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல போட்டிருக்க?"

பூட்டக்கா விரல்விட்டு எண்ணி, நினைத்துப் பார்த்து, நூற்று இருபத்தாறு என்றார்.

"எந்திரி. போலாம்."

பட்டறையை மறுபடி திறந்து, அன்றிலிருந்து இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பகலெல்லாம் அதுவே வேலை. எண்பத்து மூன்று வீடுகளில் உள்ளே விட்டார்கள். ஒரு ஜன்னலிலாவது கம்பியை வெட்டி, உள்ளிருந்து திறக்கும்படி மாற்றி வைத்தாயிற்று. நாற்பத்து மூன்று வீடுகளில் விடவில்லை. சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். சிலர், ஜன்னலின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். எங்கள் வீட்டில் போலீஸ்.

மாமனார் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அந்தப் பத்தொன்பது சாவிக் கொத்தைப் பூட்டக்காவின் பக்கம் தள்ளிவைத்து, "எந்த ஜன்னல்னு அளந்துக்கம்மா" என்றார்.

பின் அறை ஜன்னலை அளந்து, பெயர்த்து, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் பூட்டக்கா. போகுமுன் மாமனாரை நிற்க வைத்து அவர் தோள் அகலத்தையும் அளந்தார். "சட்டை தைக்கவா?" என்றார் மாமனார். பரீட்சைக்குப் பிறகு அவர் பேசிய ஒரே வேடிக்கைப் பேச்சு அது. பூட்டக்கா சிரிக்கவில்லை. இடுப்பையும் அளந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காலையில், "வேலை எப்படி இருக்குன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வரலாமா?" என்று மாமனாரே கேட்டார். ஜன்னல் இருந்த இடத்தில் அடித்திருந்த பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு தெரு சுற்றிப் பட்டறைக்குப் போனோம். தகரக் கூரை. வாசலில் புதுத் தாழ்ப்பாள்கள் அளவுவாரியாகத் தொங்கின. உள்ளே எங்கள் ஜன்னல் ஒரு தாங்கியில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நடுவே கதவுபோல் திறக்கும் பகுதி, அதில் கொண்டி, எல்லாவற்றுக்கும் பளபளவென்று பச்சை வண்ணம். இரண்டு நாள் முழுதாக உழைத்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"வாங்க ஐயா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இப்பத்தான் பரீட்சை" என்றார் பூட்டக்கா. "அக்கா, வாங்க."

உள்ளறையிலிருந்து உயரமான ஒரு பெண்மணி வந்தார். நான் வணக்கம் சொல்லக் கையைக் கூப்பினேன். கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. அவருடைய வலது கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப்போய், ஒரு மூடிய முஷ்டியாக இருந்தன. இடது கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் மட்டும் தனியாகத் தெரிந்தன. மீதியெல்லாம் ஒரே தோல்.

தையல்கார அம்மா எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். "எத்தனை வயசு உங்களுக்கு?" என்று மாமனாரிடம் கேட்டார். அவர் சொன்னார். "கை நடுக்கம் உண்டா?" "கொஞ்சம்" என்றார் மாமனார், பள்ளிப் பிள்ளையைப்போல.

"இந்தப் பட்டறையிலயிருந்து எது வெளிய போனாலும் அக்கா கையால திறந்தாத்தான் போகும்" என்றார் பூட்டக்கா என்னிடம் மெதுவாக. "அவங்க கைக்கு வந்தா யாரு கைக்கும் வரும்."

அந்த அம்மா ஜன்னலின் முன் நின்று கண்களை மூடிக்கொண்டார். கம்பியைத் தடவிக் கொண்டியைக் கண்டுபிடித்தார். இரண்டு விரலையும் வைத்துத் தூக்கினார். கொண்டி பாதி எழுந்து சிக்கிக்கொண்டது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கினார். மணிக்கட்டு நரம்பு புடைத்தது. மறுபடி அதே இடத்தில் நின்றது.

கண்ணைத் திறந்து பூட்டக்காவைப் பார்த்துத் தலையை ஒருமுறை இடம் வலமாக அசைத்தார்.

"பரவாயில்லம்மா" என்று மாமனார் அவசரமாகக் குறுக்கிட்டார். "புதுசு, அப்படித்தான் இறுக்கமா இருக்கும். போகப் போகச் சரியாயிரும். எனக்கு நல்லாவே திறக்க வரும்." இரண்டு எட்டு முன்னால் வைத்து, தானே அதைத் திறந்தும் காட்டினார். கொண்டி சிரமமில்லாமல் எழுந்தது. "பாருங்க. இவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க, அதைப் போய்..."

பூட்டக்கா மாமனாரின் தோளைத் தொட்டுப் பின்னால் தள்ளி நிறுத்தினார். முகமூடியை நெற்றியிலிருந்து இழுத்துவிட்டு, கட்டிங் மெஷினை எடுத்து, பச்சை வண்ணத்தின் பளபளப்புகூட மாறாத அந்தக் கொண்டியின் கழுத்தில் வைத்து அழுத்தினார்.